நீ சொல்லிக்கொடுத்த கலர் கேம்

போன சனிக்கிழமை ஈஸ்ட் ஹாமில் எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸ் வாங்க நின்றபோது உன் குரல் கேட்டது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், வேலைச் சட்டைகூட மாற்றாதவர், போனைக் காதுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டிருந்தார். "வணக்கம் உறவுகளே. பச்சை கனநேரமா வரேல்லை எண்டால் அவசரப்படாதேங்கோ. இன்னும் ரெண்டு ஆட்டம் பொறுத்திட்டுப் பச்சையிலை வையுங்கோ." நீ செத்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அந்த மனிதர் உன் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார். ஒன்றும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

இதை எழுத உட்கார்ந்தபோதும் அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை. இறந்தவர்களுக்கு எழுதுகிறவர்கள் நல்லதைத்தான் எழுதுவார்கள். நானும் நல்லதிலேயே தொடங்குகிறேன், ஏனென்றால் இது ஒரு நல்ல நாளில்தான் தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் நானும் நீயும் போர்ட்டர் வேலை செய்த காலம். நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு எக்ஸ்ரேக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் நாள் முழுக்க நடப்போம். எங்களோடு தள்ளிய ரமோன் பிலிப்பைன்ஸ்காரன். ஒரு கோடையில் அவர்களுடைய ஆட்கள் பூங்காவொன்றில் விழா வைத்தார்கள். எங்களையும் குடும்பத்தோடு கூப்பிட்டான். மழை தூறிக்கொண்டிருந்தது. கூடாரங்களுக்குள் இறைச்சி வாட்டும் புகை. ஒரு மூலையில், தங்கள் ஊர்க் கார்னிவல்களில் இருக்கிற மாதிரியே ஒரு விளையாட்டு மேசை போட்டிருந்தார்கள்.

மேசையில் ஆறு நிறங்களில் ஆறு கட்டங்கள். மேலே ஒரு பலகையில் மூன்று பெரிய பகடைகள், பக்கத்துக்கொரு நிறமாக. கயிற்றை இழுத்தால் பகடைகள் உருண்டு விழும். நீ வைத்த நிறம் ஒரு பகடையில் வந்தால் வைத்த அளவு வெல்வாய், இரண்டில் வந்தால் இரண்டு பங்கு, மூன்றிலும் வந்தால் மூன்று பங்கு. ஒன்றிலும் வராவிட்டால் வைத்தது போயிற்று. அன்றைக்குக் காசு இல்லை, பிளாஸ்டிக் வில்லைகள்தான். நீ மகளுக்கு ஒரு கரடிப் பொம்மை வென்று கொடுத்தாய். எந்த நிறம் எப்போது வந்தது என்று விரல்விட்டு எண்ணி, அடுத்தது நீலம் என்று கத்தினாய், நீலமே வந்தது. சுற்றி நின்ற பிலிப்பைன்ஸ் பெண்கள் கைதட்டினார்கள். ரமோன் மட்டும் சிரித்தான். ஊரில் தன் மாமா இப்படி ஒரு மேசை வைத்திருந்தாராம். அடுத்தது எந்த நிறம் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லையாம், கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தால் காசு தானாக மேசைக்காரனிடம் வரும் என்பாராம். நீ அதைக் காதில் வாங்கவில்லை.

பிறகு அதே விளையாட்டைப் போனில் கண்டுபிடித்தாய். எங்கேயோ ஓர் அறையில் ஒரு பெண் கயிற்றை இழுக்க, உலகம் முழுக்க இருந்து பந்தயம் கட்டுகிறார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் நீ சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிடவில்லை. கண்கள் உள்ளே போயின. தோற்கத் தோற்க இரட்டிப்பாக வைத்தால் ஒருமுறை வென்றாலே போதும் என்று எனக்கு விளங்கப்படுத்தினாய். உன் காசையெல்லாம் விழுங்கியதே அந்த இரட்டிப்புத்தான். வசந்தம் வந்தபோது, இனித் தொடமாட்டேன் என்றாய். உண்மையாகவே தொடவில்லை. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் வீடியோக்கள் வந்தன.

உனக்கு நல்ல குரல். எங்கள் ஆட்களின் கலியாணங்களில் மைக்கைப் பிடித்தால் மண்டபமே அமைதியாகும். அந்தக் குரலில், அழகான தமிழில், கலர் கேம் வெல்லும் வழிகளைச் சொல்லத் தொடங்கினாய். முதலில் விளையாடாமல் பார், வராத நிறத்தைப் பிடி, தோற்றால் இரட்டி, வென்றால் பாதியை எடுத்து வை. ஈஸ்ட் ஹாமிலும் செவன் கிங்ஸிலும் சனம் உன்னை மாஸ்டர் என்று கூப்பிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை ஹைகேட் முருகனைக் கும்பிட்டுவிட்டு மலையிறக்கத்தில் ஆர்ச்வே ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தோம். "நீ சொல்லுறதை நீ நம்புறியோ?" என்று கேட்டேன்.

"உனக்கென்ன விசரே மச்சான்? முந்தி என்ன வந்ததெண்டு பகடைக்கு ஞாபகமிருக்கோ?"

"அப்ப என்னத்துக்குச் சொல்லிக்குடுக்கிறாய்?"

"நான் விளையாடுறேல்லை. விளையாடினால் நானும் தோக்கத்தான் வேணும். விளையாட்டுக் கொம்பனிக்கு ஆக்களைச் சேர்த்துவிட்டால் அவை தோக்கிறதிலை எனக்கொரு பங்கு வருது. அவ்வளவுதான்."

உன் நெற்றியில் விபூதி காயவில்லை. சனம் உன்னை நம்பி வருகுது என்றேன். நீ கொஞ்சமும் தயங்கவில்லை. "சனம் எப்பிடியும் விளையாடும். என்ரை பேச்சைக் கேட்டு விளையாடினால் கொஞ்சம் மெதுவாத் தோக்கும்" என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் முன்பு எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், நல்ல பகிடிகளுக்கு. ரயிலில் உனக்குப் பக்கத்தில் உட்காராமல் கதவோடு நின்று வந்தேன்.

உன் இதயம் நின்றது அந்த மார்கழியில், தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது. செத்தவீட்டு மண்டபம் நிரம்பியிருந்தது. உன் குரலைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை செய்யும் ரஞ்சி அக்கா உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். புருஷன் இல்லாத மனுஷி. உன் வழியில் விளையாடி, சங்கிலியையும் காப்பையும் ஹை ஸ்ட்ரீட் நகைக்கடையில் விற்றவர். என் கையைப் பிடித்து, "தம்பி, அவர் இருந்திருந்தால் விட்டதை எடுக்கிற வழியொண்டு எனக்குச் சொல்லியிருப்பார்" என்றார்.

பிறகொரு நாள் செவன் கிங்ஸில் உன் வீட்டுக்குப் போய், வீடியோக்களை எடுத்துவிடச் சொல்லி உன் மனைவியிடம் கேட்டேன். "அது அவரின்ரை குரல் அண்ணை. பிள்ளை அதைப் போட்டிட்டுத்தான் படுக்கிறாள்" என்றாள். உன் மகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று கேட்டபடி நித்திரையாகிறாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்த வீடியோக்களால் மாதாமாதம் இன்னும் பணம் வருகிறது, வீட்டு லோன் அதில்தான் போகிறது என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் தந்த தேநீரைத்தான் குடிக்க முடியவில்லை.

போன சனிக்கிழமை கடையிலிருந்து வெளியே வந்தவன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ரஞ்சி அக்காவிடம் போனேன். நீ மலையிறக்கத்தில் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. எனக்கும் உனக்கும் ஏதும் கோபமோ என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அவர் விளையாடவே இல்லையோ?"

"வீடியோ போடத் தொடங்கினாப் பிறகு ஒருக்காலும் இல்லை, அக்கா."

அவர் தன் போனை என் பக்கம் தள்ளினார். "எனக்கு ஏலாது. நீர் எடுத்துவிடும்." விளையாட்டையும் உன் வீடியோக்களையும் நானே அழித்தேன். அழித்து முடியும்வரை அவர் போனைப் பார்க்கவில்லை. எழுந்து குசினிக்குப் போய், குழாயைத் திறந்து, சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவினார். "அண்டைக்கு அவரின்ரை காலைப் பிடிச்சனான்" என்று மட்டும் சொன்னார்.

ரஞ்சி அக்கா கழுவிவிட்டார். எனக்கு அது ஏலாது. உன் பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். எனக்குப் பின்னால் ரமோன். நீ பாரமாக இருந்தாய். தோள் நொந்தது, ஆனாலும் மாற்றிப் பிடிக்க வந்தவரிடம் நான் கொடுக்கவில்லை. மலையிறக்கத்தில் நீ சொன்னதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். இன்றைக்குத் திரும்பத் தூக்கச் சொன்னாலும் தூக்குவேன். உன்னை நினைக்கும்போது எனக்கு மிகவும் அருவருப்பாக இருப்பது அதுதான்.