குழுவில் ஒருவர் அதிகம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். நாம் பேசுவதும் நீ போட்டுக் கொடுத்த அந்தச் செயலியில்தானே, அதில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று எனக்கு இப்போது விளங்கவில்லை.

எங்கள் தையல்கூடத்துப் பெண்களுக்காக நீ அமைத்துக் கொடுத்த குழு நன்றாகத்தான் ஓடுகிறது. செய்தியெல்லாம் எந்தக் கம்பெனிக்கும் போகாமல் நம் அலமாரியில் உள்ள சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியிலேயே தங்கும் என்றாய், அப்பா அதைப் பச்சைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறார். சூடாகிறதாம், மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு இவர் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருக்கிறார். நீ சொன்னபடி யாரும் சொந்தப் பேர் போடவில்லை, கத்தரி, ஊசி, ஒல்லி என்று பட்டப்பேர்தான். அதுவே இப்போது கழுத்தைப் பிடிக்கிறது. போன வாரம் சூப்பர்வைசர் என் மெஷினுக்குப் பின்னால் வந்து நின்று, என்னக்கா, குக்கர் இன்னிக்கு எத்தனை விசில் அடிக்கும்னு பேசிக்கிட்டீங்க என்று சிரித்தார். அவருக்குக் குக்கர் என்று பேர் வைத்தது குழுவுக்குள் மட்டும்தான். வீட்டுக்கு வந்து எண்ணினேன், எங்களைவிட ஒருவர் அதிகம். புதிதாக வருகிறவர்கள் சேர வசதியாக இருக்கட்டும் என்று பட்டனுக்குக் காஜா போடும் அக்கா குழுவில் சேரும் கியூஆர் கோடை அச்செடுத்துச் சாப்பாட்டு அறைக் குழாய்க்கு மேலே ஒட்டியிருக்கிறார். ரகசியம்னுதான் எதுக்குன்னு ஒரு வார்த்தை எழுதாம ஒட்டுனேன் என்கிறார். என்ன சொல்லித் திட்டுவது?

வேலை நேரத்தில் பின்கதவைப் பூட்டிவிடுகிறார்கள், தீ பிடித்தால் ஓட வழியில்லை, அதற்காகத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கப்போகிறோம். முதல் கையெழுத்து ஒல்லி என்று குழுவில் பேசி முடித்திருந்தோம். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள், அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அந்தப் பேரே ஆளைக் காட்டிவிட்டது, அதன்பின் சூப்பர்வைசர் சும்மா சும்மா அவளை அறைக்குக் கூப்பிட ஆரம்பித்தார், வந்து உட்கார்ந்தால் தைத்ததையே பிரித்துப் பிரித்துத் தைக்கிறாள். அந்த ஒருவரை நீக்கலாம் என்றால் எந்தப் பட்டப்பேர் அவருடையது என்று தெரியவில்லை. எச்சரித்து எழுதினால் அவரும் படிப்பார். பெட்டியை அணைத்தால் தெரிந்துகொண்டோம் என்று தெரிந்துவிடும். கூடத்தில் வாய் திறக்க முடியாது, வெளியே வந்தால் திசைக்கு ஒரு வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள், ஒவ்வொருத்தியாகக் கேட்டு முடிப்பதற்குள் மனு கொடுக்கும் நாள் வந்துவிடும்.

அதனால் நேற்று குழுவில் நான் எழுதிவிட்டேன், பட்டப்பேரை எடுத்துவிட்டு என் சொந்தப் பேரிலேயே. முதல் கையெழுத்து நான் போடுறேன், ஒல்லி இதுல இல்ல, நான்தான் அவளை இழுத்துவிட்டேன் என்று. படிக்க வேண்டியவர் படித்துவிட்டார். இன்று ஒல்லியைக் கூப்பிடவில்லை, என்னைக் கூப்பிட்டார். உட்காருங்கக்கா என்று நாற்காலி போட்டு, உங்க பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சவளாமே என்று கேட்டார். ஆமாம், நல்லா படிச்சா என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவிடம் சொன்னேன், எழுந்து வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டார்.

கண்ணு, நீ கவலைப்பட்டு ஓடி வராதே. கண்விழித்து வேலை பார்க்காதே, நல்லபடியாக இரு, எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. பதிலைக் குழுவில் போடாதே, காகிதத்தில் எழுது. இது உன் கைக்கு வரும்போது கையெழுத்துப் போட்டிருப்பேன்.

உன் அம்மா