இரவல் நட்சத்திரம்

அக்கா,

இன்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் தன் குழந்தைக்குத் தோடம்பழம் உரித்தாள். அந்த மணம் வந்ததும் எனக்கு வெள்ளவத்தை கொமினிக்கேஷன் கடையில் நாம் உட்கார்ந்திருந்த வாங்கு ஞாபகம் வந்துவிட்டது.

யுத்த காலம். வீட்டில் போன் இல்லாதவர்கள் அந்தக் கடையின் இலக்கத்தை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வந்து காத்திருப்பார்கள். எங்கள் வீட்டு மேல்மாடியில் குடியிருந்த உங்களுக்கும் கனடாவிலிருந்து மகன் போன் எடுப்பான். உங்கள் முழங்கால் வலிக்குத் துணையாக வந்தவள் நான். மகனோடு கதைத்து முடிந்ததும் எழும்பமாட்டீர்கள். தோடம்பழத்தை உரித்துப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சுளை நீட்டி, "ஆர் எடுக்கிறது, பிள்ளையோ?" என்பீர்கள். அவ்வளவுதான். விட்டுவந்த வீடு, ராணுவம் பிடித்துக்கொண்டு போன கணவன் என்று எல்லாம் வெளியே வரும்.

"எழும்புங்கோவன் அக்கா, ரோட்டில ஆமி செக்கிங் தொடங்கப்போறாங்கள்."

"பொறும் பிள்ளை. அந்த மனுசி இன்னும் சொல்லி முடிக்கேல்லை."

கடைசியில் பெயரும் நட்சத்திரமும் கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்து அத்தனை பேரின் பெயர், நட்சத்திரத்தையும் ஒப்புவிப்பீர்கள். "அம்மா, உங்கட குடும்பம் கிழமைக்குக் கிழமை கூடுதே!" என்று ஐயர் சிரிப்பார். என் வீட்டார் பெயர்களை மட்டும் சொல்லிப் பழகிய நான் பக்கத்தில் நிற்பேன்.

ஒருநாள் மாரியாயி வந்தாள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து எங்கள் ஒழுங்கையில் வீட்டுவேலை செய்தவள். சவூதிக்கு வேலைக்குப் போன மகள் செல்வியிடமிருந்து மாதக்கணக்காகப் பேச்சில்லை.

"இருக்காளா இல்லையான்னே தெரியலீங்கம்மா."

நட்சத்திரம் கேட்டீர்கள்.

"அதெல்லாம் யாருங்க குறிச்சு வச்சா? கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்கையில வலி வந்துச்சு. லயத்து வீட்டுக்கு வாரதுக்குள்ள பொறந்துட்டா. அன்னிக்கு நல்ல மழை. அதாங்க தெரியும்."

அந்த வெள்ளி ஐயர் கேட்டபோது நீங்கள் தடுமாறவேயில்லை. "செல்வி, உத்தரட்டாதி."

"அது உங்கடையெல்லோ அம்மா?"

"ஓம் ஐயா. இப்ப அவளுக்குத்தான் தேவை. என்ர பேரை விடுங்கோ."

அன்றிலிருந்து நான் சுவாமிக்கு விளக்கேற்றும் போதெல்லாம், பார்த்தேயிராத ஒரு பிள்ளை மழையில் நனைந்துகொண்டு என் கண்முன் நின்றாள். அவளுக்காக அழுது கும்பிட்டேன். வேறு ஒருவர் பிள்ளைக்காக நான் அழுதது அதுதான் முதல்முறை.

பல ஞாயிறுகள் போயின. ஒருநாள் கடைக்காரர், "செல்வியின்ர அம்மா!" என்று கத்தினார். மாரியாயி ஓடிப்போய் ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்தாள். நீங்கள்தான் அதைத் திருப்பி அவள் காதோடு பிடித்தீர்கள். "சாப்புட்டியாடி?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டாள். வாங்கில் இருந்த எல்லோரும் கண்ணைத் துடைத்தோம்.

நீங்கள் மகனிடம் போய் அங்கேயே கண்மூடினீர்கள். நேரில் சொல்லாத நன்றியை இப்படித்தான் சொல்லமுடிகிறது, அக்கா: இப்போது யாராவது தன் கதையைச் சொல்லத் தொடங்கினால், முடியும்வரை நான் எழும்புவதில்லை. கோயிலில் என் குடும்பமும் கூடிக்கொண்டு போகிறது.

போன வெள்ளி செல்வி தன் குழந்தையோடு வந்திருந்தாள். ஐயர் அவளுடைய நட்சத்திரத்தைக் கேட்டார். "உத்தரட்டாதிங்க சாமி" என்றாள், பிறக்கும்போதே கூட வந்ததுபோல.