அவள் பெயருக்கு நேரே

பிப்ரவரி 4, செவ்வாய்

மகள் குட்டிக்குக் காய்ச்சல். மனைவி விடுப்பு எடுத்து அவளோடு வீட்டில் இருந்துவிட்டாள். நான் மட்டும் அலுவலகம் போனேன். மேலாளர் ஒரு பட்டியலைக் கொடுத்தார். எங்கள் பிரிவில் ஒன்பது பேர். ஆய்வுக்கூடங்களிலிருந்து மருத்துவமனைகளுக்குப் பரிசோதனை முடிவுகளை அனுப்பும் மென்பொருள் எங்கள் பொறுப்பு. யாருக்கு என்ன வேலை, அது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா, புதிதாக வருபவர் படித்தே செய்ய முடியுமா என்று நிரப்ப வேண்டும். "உன் மனைவியோடதையும் நீயே போட்டுடு. சும்மா ஒரு கணக்கெடுப்புதான்" என்றார்.

என் பெயருக்கு நேரே எழுதக் கூச்சமாக இருந்தது. பதினொரு வேலை, பதினொன்றும் மண்டைக்குள். 'எழுதவில்லை, என்னைக் கேட்க வேண்டும்' என்று போட்டேன். அவளுடையதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிரப்பினேன்: 'எல்லாம் படிப்படியாக எழுதப்பட்டிருக்கிறது. புதியவர் யாரும் படித்தே செய்துவிடலாம்.' பிரிவில் அவளுக்கு வாத்தியாரம்மா என்று பட்டப்பெயர். கேலி செய்கிற அதே ஆட்கள், சிக்கல் என்றால் முதலில் திறப்பது அவள் எழுதியதைத்தான்.

பிப்ரவரி 20

வேலை வெளிநாட்டுக்குப் போகிறது. ஆறு பேர் வீட்டுக்கு. மூன்று பேர் இருக்கலாம். நான் இருக்கிறேன். அவள் இல்லை.

கூட்ட அறையில் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். பேனா மூடியைக் கழற்றினாள், போட்டாள், கழற்றினாள்.

பிறகு மேலாளரிடம் தனியாகப் போனேன். "அவளை வெச்சுக்கிட்டு என்னை அனுப்புங்க சார்." அவருக்குச் சங்கடம். "அவங்க வேலையை அப்படியே அனுப்பிடலாம்ப்பா, எல்லாம் எழுதியிருக்கு. உன் மண்டையில இருக்கறதை எப்படி அனுப்பறது? நீ போட்டுக் குடுத்த பட்டியலை வெச்சுத்தான் மேல முடிவு பண்ணாங்க."

நான் போட்டுக் கொடுத்தது. பெருமையா வேற எழுதினேனே. என் கையாலயே —

பிப்ரவரி 21

அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 7

வேலை போகிற நாட்டிலிருந்து ஒரு பெண் திரையில் வந்து மனைவியிடம் வேலை கற்றுக்கொண்டாள். கெட்டிக்காரி. நல்லவளும்கூட; போன வருடம் அவளுடைய வேலையும் இப்படித்தான் வேறெங்கோ போனதாம். கற்றுக்கொடுக்க நான்கு வாரம் ஒதுக்கியிருந்தார்கள். மனைவியின் குறிப்புகளைப் படித்தே அந்தப் பெண் ஆறு நாளில் முடித்துவிட்டாள். அதனால் மனைவியின் கடைசி நாளும் முன்னே வந்துவிட்டது. இன்றுதான் அது.

பேருந்தில் மடியில் அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு, "நல்லா எழுதி வெச்சா சீக்கிரமே வீட்டுக்கு விட்டுடறாங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 24

அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஏன் என்னைன்னு உனக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்றேன். வாய் கூசவில்லை.

"ஆறு வருஷம் முந்தி ரெண்டு பேரோட ரத்த முடிவு மாறிப் போச்சே. அதை மனசுல வெச்சிருப்பாங்களோ?"

அது அவள் தவறே இல்லை. ஆய்வுக்கூடத்தில் பெயர் மாற்றி ஒட்டிவிட்டார்கள், கண்டுபிடித்ததே அவள்தான். அதைச் சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை. பதினொரு வருட வேலையை ஒவ்வொரு நாளாக எடுத்துக் குறை தேடிக்கொண்டிருக்கிறாள். இன்று சொல்லியிருக்கலாம். இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 10

நேர்காணலுக்குப் போய் வந்தாள். ஏன் உங்களை அனுப்பினார்கள் என்று கேட்டார்களாம். "நான் அவ்வளவு சரியில்லையோ என்னவோன்னு சொல்லிட்டேன். எப்படி அது வாயில வந்துச்சுன்னே தெரியல."

கேட்டுக்கிட்டுதானே இருந்தேன். மனுஷனா நான்?

ஏப்ரல் 22

சொல்லிவிட்டேன். துவைத்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தோம். பட்டியல், நான் எழுதிய வரி, மேலாளர் சொன்னது, எல்லாவற்றையும் சட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அப்போ நான் தப்பு எதுவும் பண்ணலையா?"

"இல்ல. நல்லா பண்ணினதாலதான்."

கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். வேலை போன அன்றுகூட அழாதவள். தோளில் கை வைத்தேன், தட்டிவிடவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன், அற்பப் பயல்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு எப்போ தெரியும்?" என்றாள்.

"அன்னிக்கே."

"எழுதினதை விடு. உண்மையைத்தானே எழுதினே. ரெண்டு மாசமா நான் என்னையே தின்னுக்கிட்டு இருந்தேன். நீ எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தே."

பிறகு மிச்சத் துணியை மடித்தாள். என்னுடையதை மட்டும் மடிக்காமல் என் பக்கம் நகர்த்தினாள்.

மே 6

கேட்டதற்குப் பதில் வருகிறது. குட்டியோடு சிரிப்பு கேட்கிறது. நான் உள்ளே போனதும் நின்றுவிடுகிறது. சண்டை போட்டாலாவது தேவலை.

மே 29

மேலாளர் என் மேஜைக்கு வந்து கை கொடுத்தார். "உன் மனைவிக்கு வேலை கிடைச்சிருச்சாமே. என்னைத்தான் கூப்பிட்டு விசாரிச்சாங்க, நல்ல விதமா சொன்னேன். அந்த ஊர்ல வீடு பாத்தாச்சா? நீ எப்போ கிளம்பறே?"

"பாத்துக்கிட்டு இருக்கோம் சார்."

எந்த ஊர்?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எப்போ உறுதியாச்சு?"

"பதினஞ்சு நாளாச்சு."

"என்கிட்ட சொல்லலையே."

நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள்.

குட்டி பள்ளி மாறுவதற்கான விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "அப்பா, இங்க உன் கையெழுத்து வேணுமாம். மத்தது எல்லாம் அம்மா எழுதிட்டாங்க."

அவர்கள் போகும் ஊரின் பெயரை அதில்தான் படித்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.