கறுப்புக்கு ஒரு புத்தகம்

வெருகல்
12.03.2024

அன்புள்ள சுதா,

முருகன் துணையால் சுகம். போனில் உமது கதையைக் கேட்டால் கேட்க வந்ததை மறந்துவிடுவேன், அதனால்தான் கடிதம். கொழும்புப் போட்டிக்குப் போகும் மாவட்டப் பெண்கள் சதுரங்க அணியில் ஓர் இடம் மிச்சம். மூன்று வருடமாகக் கறுப்புக் காய் வந்தாலே தோற்கிறேன். இந்த முறையோடு விடச் சொல்லிவிட்டார் இவர்.

காரோ-கான் தடுப்பைப் படிக்கலாம் என்று நினைக்கிறேன். அடக்கமான ஆட்டம், எனக்குச் சரிவரும். உமது அலுமாரியைப் பார்த்து நீரே ஒரு புத்தகம் தெரிவுசெய்யும். உம்மைவிட எனக்கு யார் இருக்கிறார்கள்?

உமது ரூபி

ஓர்ஸ் ஹில்
17.03.2024

என் ரூபி,

இரண்டு வருடமாக எட்டிப் பார்க்காதவருக்குப் புத்தகம் என்றதும் என் நினைவு வந்ததாக்கும்! காரோ-கான் வேண்டாம், அது பென்சன் எடுத்தவர்களின் ஆட்டம். கறுப்புக்குச் சிசிலியன் தடுப்புத்தான் சரி, அந்தப் புத்தகத்தைப் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். நானூறு பக்கம் என்று மலைக்காதையும். பென்சிலால் கோடிட்ட நகர்வுகளை மட்டும் பாடமாக்கும். வேறொருவரையும் கேட்டுக் குழம்ப வேண்டாம். மகள் வினுஜா உம்மை விசாரித்தாள்.

அன்புடன்
சுதா

வெருகல்
02.06.2024

சுதா,

நேற்றுத் தெரிவுப் போட்டியின் கடைசிச் சுற்று. வென்றவருக்கு அந்த இடம். எனக்குக் கறுப்பு. எதிரே உமது வினுஜா. அவளும் ஆடுகிறாள் என்று நீர் சொல்லவேயில்லை.

இரண்டரை மாதம் சோற்றை அடிப்பிடிக்க விட்டுப் படித்ததை ஆடினேன். அவள் யோசிக்காமலே பதில் ஆடினாள். பதினெட்டாம் நகர்வில் குதிரையைப் பலிகொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்து, "அன்ரி, இனி ஒண்டும் செய்ய ஏலாது. விடுங்கோ" என்றாள்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தேன். 212ஆம் பக்க ஓரத்தில் ரப்பரால் அழித்த தடம். வெளிச்சத்தில் பிடித்தால் அதே குதிரைப் பலி, வினுஜாவின் கையெழுத்தில்.

தெரியாமல் நடந்தது என்று ஒரு வரி எழுதும். நம்புவேன்.

ரூபி

ஓர்ஸ் ஹில்
09.06.2024

சிவரூபி,

தெரிந்துதான் அனுப்பினேன். அழித்ததும் நான். காரோ-கானுக்கு எதிராக வினுஜாவிடம் ஒன்றும் இருக்கவில்லை. நீர் கேட்ட காரோ-கானுக்கு ஒரு மெல்லிய புத்தகம் என் அலுமாரியில்தான் இருந்தது. அதைப் படித்திருந்தால் கொழும்புக்குப் பெட்டி அடுக்குவது நீராக இருந்திருக்கும். அவளுக்குப் பதினாறு, உமக்கு நாற்பத்தொன்று. இதில் நான் யோசிக்க என்ன இருக்கிறது?

புத்தகத்தை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடும், அவளுக்குத் தேவை. கோடுகளை அழிக்க வேண்டாம்.

சுதர்ஷினி