நூறு லிட்டருக்கு ரெண்டு மூடி

பரளச்சி,
ஞாயிறு மதியம், கோயில் முடிந்து சோறு வேகும் நேரம்.

அன்பும் கொஞ்சம் கோபமும் கலந்து அப்பாவுக்கு ஜெபா எழுதுவது,

தங்கபாண்டி மாமா இந்நேரம் உங்கள் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்திருப்பார். அதைச் சுற்றி ரப்பர் பேண்டில் வந்திருப்பதுதான் இந்தக் கடிதம். முதலில் இதைப் படியுங்கள், பிறகு மூடியைத் திறங்கள். குடித்துவிடாதீர்கள். மருந்து லாரிக்கு.

போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். போனில் நீங்கள் கேட்பதே மூன்று கேள்வி. சாப்பிட்டியா, இன்ஹேலர்ல பஃப் எடுத்தியா, அம்மா எங்க. நான் நாலாவதாக ஒன்று ஆரம்பித்தால் உடனே தூத்துக்குடியில் லோடு இறக்க ஆள் வந்துவிடுகிறது. அந்த ஆளை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும். எங்கள் ஸ்கூல் பெல்கூட இவ்வளவு சரியாக அடிப்பதில்லை.

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் அம்மாவும். மழை இன்னும் வரவில்லை. பருத்தி போட்டவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள், போடாதவர்கள் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். அம்மா சண்டை போட ஆள் இல்லாமல் மிக்ஸியோடு சண்டை போடுகிறாள். நீங்கள் லாரி நிறுத்தும் சுவரில் சைலன்சர் ஊதி ஊதி ஒரு கரிவட்டம் இருக்குமே, அதை டாக்டர் சொன்னார் என்று சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டாள். அடித்து முடித்து, பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே ரொம்ப நேரம் நின்றாள். இப்போது அந்தச் சுவர் யாரோ பல்லைக் காட்டுகிற மாதிரி வெள்ளையாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கவே இல்லை.

பொங்கல் கழிந்து எனக்கு மூச்சு முட்டி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தேனே, அன்று காலை லாரி அரை மணி நேரம் சுவரோரம் புகைவிட்டுக்கொண்டு நின்றது உண்மை. ஆனால் டாக்டர் என்ன சொன்னார்? தூசி, கரிமூட்டப் புகை, டீசல் புகை மூன்றுமே ஆகாது என்றார். உங்கள் காதில் கடைசி ஒன்று மட்டும் விழுந்தது. குற்றவாளிகள் வரிசையில் உங்கள் லாரி மூன்றாவது. முதல் இரண்டு பேரும் ஊருக்குள் ஜாமீனில் சுற்றும்போது மூன்றாவது ஆள் மட்டும் ஏன் தலைமறைவு?

சரி, இனி எழுதுவதுதான் முக்கியம். மே மாசம் லாரியைத் தூத்துக்குடியிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தீர்கள். சட்டையில் டீசல் வாடைகூட இல்லை, லைஃப்பாய் வாடைதான். கையில் மஞ்சள் பை. வாசலில் நீங்கள் செருப்பைக் கழற்றும்போது நான் உள்ளே இருந்து இருமினேன். உங்கள் லாரி காலையில் ஸ்டார்ட் ஆகாமல் திணறுமே, அதே மாதிரி, நாலு தடவை. நீங்கள் சிரித்துக்கொண்டே "ஏ கழுத, வண்டிய வீட்டுக்குள்ளயே ஓட்டுறியா?" என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் பையை வாசலில் வைத்தீர்கள். செருப்பை மாட்டினீர்கள். நான் வெளியே ஓடி வருவதற்குள் தெருமுனை தாண்டிவிட்டீர்கள்.

அது விளையாட்டு, அப்பா. போனில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். நீங்கள் நம்பவில்லை. நம்ப மாட்டீர்கள்தான். போன வருஷம் உங்கள் தலையணைக்குள் அலாரம் வைத்தவளும் நான்தான், உப்பு டப்பாவில் சீனியை மாற்றியவளும் நான்தான். பொய் சொல்லும்போதெல்லாம் நம்பினீர்கள், உண்மையைச் சொல்லும்போது "எனக்காகச் சொல்லாதத்தா" என்கிறீர்கள். பையில் இருந்த மக்ரூனை முழுக்க நானே தின்றேன். ஒன்றிலும் ருசி இல்லை.

வாய்ச் சொல் எடுபடாது என்பதால் சாட்சி அனுப்புகிறேன். அதே பையில் உங்கள் வெள்ளை வேட்டியும் இருந்தது. அதில் ஓரமாக மூன்று துண்டு கிழித்தேன். அதற்கான திட்டை நேரில் வந்து திட்டவும்.

தங்கபாண்டி மாமாவின் வண்டியும் உங்கள் வண்டி மாதிரியே கிழடு, அதே புகை. அருப்புக்கோட்டை மெக்கானிக் அய்யப்பன் அண்ணன் அதற்கு இந்த டீசல் மருந்தை ஊற்றிப் பார்க்கப் போகிறார் என்று தெரிந்ததும் ஸ்கூல் விட்டுப் போய் நின்றேன். அண்ணன் என்னைப் பக்கத்திலேயே விடவில்லை. "பாப்பா, நீ எதுத்தாப்புல ஜூஸ் கடையில இரு. ஒனக்கு ஒண்ணுன்னா ஒங்கப்பா என்னைய உரிச்சிருவாக" என்றார். மூன்று தடவையும் துணியை சைலன்சர் வாயில் கட்டி, ஆக்சிலேட்டரை மிதித்து, அவிழ்த்துக் கொடுத்தவர் அவர்தான். நான் பேனாவால் நம்பர் போட்டேன்.

ஒன்றாம் துண்டு மருந்துக்கு முன்னால். தோசைக்கல்லின் முதுகு. இரண்டாம் துண்டு ரெண்டு டேங்க் ஓடிய பின். சரியாக அழிக்காத கரும்பலகை. மூன்றாம் துண்டு ஐந்து டேங்க் கழித்து. தங்கபாண்டி மாமாவின் தாடி அளவுக்கு நரை. நீங்களே பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

புகை முழுக்கப் போகாது, குறையும். இதில் நான் ஒரு சொட்டுப் பொய்கூடக் கலக்கவில்லை. "மருந்து மட்டும் ஊத்துனா பத்தாது, பத்தியமும் இருக்கணும்ல. ஏர் பில்டர மாத்தணும், டீசல் அடிக்கிற நாசில கழட்டிப் பாக்கணும்" என்றார் அண்ணன். அந்த வண்டிக்கு இரண்டாம் டேங்கிலேயே அதையும் செய்தார். உங்கள் வண்டிக்கும் செய்ய ஒரு பகல் ஒதுக்கி வைத்திருக்கிறார். நூறு லிட்டருக்கு ரெண்டு மூடி. முதலில் மருந்து, அதற்கு மேல் டீசல். தலைவலி மாத்திரை ஒன்று போடச் சொன்னால் மூன்று போடுகிற ஆள் நீங்கள், இதில் அந்த வேலை வேண்டாம். எனக்கும் காலையில் ரெண்டு பஃப்தான். நானும் லாரியும் ஒரே அளவு.

இன்னொன்று. நீங்கள் செவ்வாய்க்கிழமை மதியங்களில் அருப்புக்கோட்டை பைபாஸில் டீ குடிப்பது எனக்குத் தெரியும். தங்கபாண்டி மாமா வாய் தவறிச் சொல்லிவிட்டார். "டீ ஆறிப் போற வரைக்கும் ஒங்க ஊர்ப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னாக ஜெபா" என்றார். அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை. என்னிடம் இருப்பதே கொஞ்ச மூச்சுதான், அதைக் கோள் சொல்லிச் செலவழிக்க முடியுமா? ஆனால் அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை ஆறாவது பீரியடில் எனக்கு ஒரு பாடமும் ஏறுவதில்லை.

ஆகையால் ஓர் ஒப்பந்தம். இனி நான் நிஜமாக இருமினால் இடது கையைத் தூக்குவேன். கை தூக்காமல் இனிமேல் இருமவே மாட்டேன், வேதத்தின் மேல் ஆணை. நீங்கள் வருகிற அன்று கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்துக்கொண்டு உள்ளே இருப்பேன். சைலன்சர் தெருப்பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். நிறுத்தியதும் இன்ஜினை அணைத்துவிடுங்கள். நூறு எண்ணிய பிறகுதான் வெளியே வருவேன். ஐம்பதில் வந்துவிட்டால் மன்னிக்கவும்.

அதற்கும் பயமாக இருந்தால் முதல் தடவை வீடு வரைக்கும் வர வேண்டாம், தெருமுனையிலேயே நில்லுங்கள். நீங்கள் லோடோடு வரும்போதெல்லாம் அங்கே மூன்று ஹாரன் அடிப்பீர்கள், அம்மா உலையில் இன்னொரு உழக்கு அரிசி போடுவாள். அதையாவது அடித்துவிட்டுப் போங்கள். ஹாரனுக்குப் புகை கிடையாது, அப்பா.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிரேக்கையும் காப்பாராக.

ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணிப் பழகிக்கொண்டிருக்கும் மகள்,
ஜெபா