அப்பாவுக்கு ஊற்றிய இரண்டு கிளாஸ்

வுப்பர்டால்
10.10.2006

அன்பு மகள் கம்சனாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகன் ஸ்ரீதரனும் ரொறன்ரோவில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காமாட்சி அம்பாளைக் கும்பிட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே அப்பா சுகம், தம்பி கார்த்திகன் சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. மூன்று நாளாகத் தலையிடி, அதைவிடக் கூடுதலாகக் கோபம். கோபத்தில் பாதி தம்பியில், கால்வாசி அப்பாவில், மிச்சம் முழுக்க உன்னில். போனில் சொல்லலாம் என்றால் போன் இருக்கிற இடத்திலேதான் அப்பா இருந்து ரீவி பார்க்கிறார், தம்பி வீட்டில் நின்றால் அவனுடைய காதும் இந்தப் பக்கம்தான். அதனால் இன்றைக்கு வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, அவர்கள் இரண்டு பேரும் வெளிக்கிட்ட பிறகு குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன்.

எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு நீயும் தம்பியும் சேர்ந்து எடுத்துத் தந்தீர்களே ஒரு பஸ் பயணம், அதற்குப் போன சனிக்கிழமை போய் வந்தோம். தம்பி அந்த உறையைத் தந்தபோது மேலே ஆறும் மலையும் படம் போட்டிருந்தது, சரி, பிள்ளைகள் எங்களை ஒருநாள் நாலு இடம் பார்க்க அனுப்புகிறார்கள் என்று நானும் சந்தோசப்பட்டேன். பிறகுதான் உள்ளே இருந்ததை வாசித்து விளங்கப்படுத்தினான். மோசல் ஆற்றங்கரையில் வைன் செய்கிற முந்திரிகைத் தோட்டங்களைக் காட்டுவார்களாம், கூட ஒரு வழிகாட்டி வருவாராம், பின்னேரம் ஒரு தோட்டக்காரரின் நிலவறையில் ஐந்து வகை வைன் குடித்துப் பார்க்கத் தருவார்களாம், வரும்போது கையில் ஒரு போத்தலும் தந்து விடுவார்களாம். வங்கியில் அவனோடு அவுஸ்பில்டுங் என்று வேலை பழகுகிற பொடியன் தன் தாய் தகப்பனை அனுப்பினானாம், அவர்கள் ஒரு மாதமாக அதையே கதைத்துக்கொண்டு திரிந்தார்களாம். அப்பாவைப் போயா வைன் குடிக்க அனுப்புவது? அவனைக் குறை சொல்லவும் முடியாது, அப்பா குடியை விட்டபோது அவனுக்கு ஐந்து வயது, அம்பாளுக்கு நேர்த்தி வைத்து விட்டவர் என்று நாங்கள் சொன்னதைத்தான் இன்றுவரை நம்புகிறான். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, அந்தக் கடதாசியை இரண்டு தரம் வாசித்துவிட்டு, போய்த்தான் பாப்பமே புஸ்பம் என்றார்.

தம்பிக்குத் தெரியாது, சரி. உனக்குமா தெரியாது கம்சனா? அந்தக் காலத்தில் அப்பா றெஸ்ரோறன்ற் வேலை முடிந்து எந்த நிலையில் வருவார் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை, பஸ் தரிப்பில் இருந்து அவரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள் நீதான். தொண்ணூறாம் ஆண்டு மாசி மாதம் வயிற்று நோ என்று அவரை டொக்டரிடம் கொண்டு போனபோது, எங்களுக்கு டொய்ச் பாஷை தெரியாது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் மறித்து இழுத்துக்கொண்டு போனோம். அன்றைக்கு உனக்குக் கணக்குச் சோதனை. அந்த நாட்களில் எந்த டொக்டரிடம், எந்த அலுவலகத்தில் டெர்மின் என்றாலும் உன் வாய்தான் எங்களுக்கு வாய். டொக்டர் ஈரல் வீங்கியிருக்கிறது என்று என்னென்னவோ கனநேரம் கதைத்தார். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுவரில் தொங்கிய ஈரல் படத்தைப் பார்த்தபடி, அப்பா, இனி ஒரு சொட்டுக் குடிச்சாலும் நீங்கள் செத்துப்போவியள் எண்டு டொக்டர் சொல்லுறார் என்றாய். அந்தக் குரல் இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது. அப்பா அன்றைக்கு விட்டவர்தான், பிறகு தொடவில்லை. ஆனால் அந்த ஒரு சொட்டுக்குப் பயந்து பதினாறு வருடம் நான் எப்படி இருந்தேன் என்று யாருக்குத் தெரியும்? வேலையிடத்தில் நத்தார் பண்டிகைக்குத் தருகிற சொக்கிலேற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து மணந்து பார்த்துத்தான் வீட்டுக்குள் விடுவேன். கேக்கில் றம் விட்டிருக்கிறதா என்று கேட்பதற்காகவே டொய்ச்சில் ஒரு வசனம் பாடமாக்கி வைத்திருக்கிறேன். இருமல் மருந்து வாங்கினாலும் மருந்துக்கடைக்காரியைக் கொண்டு போத்தலில் உள்ளதை வாசிப்பித்து, இரண்டு தரம் கேட்டுத்தான் வாங்குவேன். அப்படி இருக்க, நீ போனில், நல்ல விசயம்தானே அம்மா, சந்தோசமாப் போட்டு வாங்கோ என்கிறாய். அப்பா பக்கத்தில் இருந்ததால் என்னால் ஒன்றும் கேட்க முடியவில்லை. அன்று முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டேதான் சமைத்தேன்.

போன நாளையும் பார். புரட்டாதிச் சனி. எனக்கு ஒருநேரச் சாப்பாடு, அதுவும் வீட்டுக்கு வந்து தலை முழுகி, எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றிய பிறகுதான். அப்பாவுக்கு மட்டும் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் ஐஸ்கிறீம் பெட்டியில் கட்டிக்கொண்டு விடிய ஏழு மணிக்கு ஸ்ரேசனடியில் போய் நின்றோம். வழிகாட்டி பேனாட் என்று ஒரு நெட்டை மனிதர், மைக்கைப் பிடித்தவர் இரண்டரை மணித்தியாலம் கீழே வைக்கவில்லை. முழுக்கப் பகிடி போலக் கிடக்கிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள், அப்பாவும் சிரிக்கிறார், எனக்கு அதில் பாதி விளங்கவில்லை, விளங்கிய பாதிக்குச் சிரிப்பு வரவில்லை. போதாததற்கு பஸ் சோலிங்கனில் நிற்க, கதிர்காமநாதன் அண்ணையும் பெண்சாதியும் ஏறினார்கள். ஊன்ட்றொப் அம்பாள் கோயிலுக்கு மாதம் தவறாமல் வருகிற ஆட்கள். எங்களைக் கண்டதும் அண்ணைக்குப் புளுகம் தாங்கவில்லை, விஜயரத்தினம், நீரும் வந்திட்டீர், இண்டைக்கு ஒரு கை பாப்பம் என்று பஸ்ஸுக்கே கேட்கச் சொன்னார். அவருடைய மனைவி என் சேலையை மேலும் கீழும் பார்த்தா.

இடம் நல்ல வடிவு என்று அப்பா சொல்கிறார். நான் எதையும் பார்க்கவில்லை. சேலையும் சப்பாத்துமாக அந்தச் செங்குத்தான மலையில் ஏற்றி இறக்கினார்கள், வெறும் வயிறு வேறு. சரிவெல்லாம் மஞ்சளாய்ப் போன முந்திரிகைக் கொடி, முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு ஆட்கள் பழம் வெட்டிக்கொண்டு நின்றார்கள், ஒருவர் வழுக்கினால் ஆற்றுக்குள்தான். அப்பா பேனாட்டிடம் எத்தனையோ கேள்வி கேட்டார். நிலத்தில் கிடந்த ஒரு கறுப்புக் கல்லை எடுத்து என் கையில் வைத்து, தொட்டுப் பாரும் புஸ்பம், பகல் வெயிலைப் பிடிச்சு வைச்சிருந்து இரவிலை கொடிக்குக் குடுக்குமாம் என்றார். கல்லைப் பற்றி இவ்வளவு கதைக்கிறவர் பின்னேரத்தைப் பற்றி ஒரு சொல் சொல்கிறாரில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லை எறிந்துவிட்டேன். அவர் திரும்ப எடுத்துப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார்.

நிலவறையில் நீட்டு மேசை, மெழுகுதிரி, வெட்டிய பாண், ஆளுக்கு ஐந்து கிளாஸ், நடுவிலே பூச்சாடி போல ஒரு மண்சாடி. நான் முதலே பேனாட்டைப் பிடித்து, என் மனிசன் மருந்து எடுக்கிறவர், குடிக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்த டொய்ச்சில் சொன்னேன். அவர் என் தோளில் தட்டி, ஒரு மிடறு ஒண்டும் செய்யாது என்று சிரித்தார். தோட்டக்கார மனிசி வந்து எல்லோருக்கும் ஊற்றினா, தேசிக்காய்த் தண்ணி போலத்தான் இருந்தது. கதிர்காமநாதன் அண்ணை, எடும் எடும், இது குடியில்லை, மருந்து, ஒரு சொட்டு எடும் என்று அப்பாவை அரித்துக்கொண்டே இருந்தார். அப்பா கிளாஸை எடுத்தார். எடுத்து மூக்கடியில் பிடித்து, கண்ணை மூடினார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. பறித்து நானே குடித்துவிட்டேன். சத்தியமாக மகள், விரத நாளில், ஒரு மூச்சில். புளிச்ச பழத்தண்ணி, தொண்டை எல்லாம் எரிந்தது. அந்த மனிசி அது நல்லாய்ப் பிடித்துவிட்டது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு அப்பாவின் அடுத்த கிளாஸுக்கும் ஊற்றினா. அதையும் குடித்தேன். மேசையில் இருந்த ஜேர்மன்காரர் எல்லோரும் கைதட்டினார்கள், பேனாட் மைக் இல்லாமலே ஏதோ அறிவித்தார். மூன்றாவதுக்கு அப்பா கையால் கிளாஸை மூடி, பழச்சாறு இருக்கோ என்று டொய்ச்சில் கேட்டு வாங்கினார். பிறகு என் காதுக்குள், குடிக்காததை ஊத்தத்தானே அந்தச் சாடி வைச்சிருக்கு, நீர் ஏன் குடிச்சனீர் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சாடியாலேயே போட்டிருப்பேன். நான் அதைப் பூ வைக்கிற சாடி என்றல்லவா நினைத்தேன்.

இதற்குள் கதிர்காமநாதன் அண்ணையின் மனைவி ஞாயிற்றுக்கிழமையே மூன்று வீட்டுக்குப் போன் எடுத்துவிட்டா. அவ சொன்ன கதையில் இரண்டு கிளாஸ் நாலாகிவிட்டது. இனி நான் கோயில் வீதியில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது என்று தெரியவில்லை. தம்பிக்கோ ஒரே சந்தோசம். அம்மா, நீங்கள் இவ்வளவு எஞ்சோய் பண்ணுவியள் எண்டு நான் நினைக்கேல்லை, அடுத்த வருசம் இரண்டு நாள் பயணம் எடுப்பம் என்கிறான். போத்தலைக் குளிர்பெட்டிக்கு மேலே காட்சிக்கு வைத்திருக்கிறான், அதைக் காணும் நேரமெல்லாம் எனக்குத் தலை இடிக்கிறது.

ஆனால் நான் உனக்கு எழுத வந்தது இதை இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குத் தலை சுற்றியது. அப்பா என் கைப்பையையும் தூக்கிக்கொண்டு, என்னை யன்னல் பக்கம் இருத்தி, தனக்கு வைத்திருந்த புட்டை எனக்குத் தீத்தினார். விரதமும் போச்சு. அந்தப் புட்டை விழுங்கிக்கொண்டே நான் அவரைப் பேசத் தொடங்கினேன். பதினாறு வருடமாக அடக்கி வைத்த எல்லாம், சொக்கிலேற்று, கேக், இருமல் மருந்து, ஒன்றும் விடவில்லை. ஏன் அந்தக் கிளாஸை எடுத்தனீங்கள், மணந்து பாக்கிற அளவுக்கு ஆசை இருக்கோ, ஒரு சொட்டுக் குடிச்சாலும் செத்துப்போவியள் எண்டு டொக்டர் சொன்னவரெல்லோ, நான் என்ன செய்யிறது அதுக்குப் பிறகு என்று கேட்டு அழுதுவிட்டேன். முன் ஆசனத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன்.

அப்பா புட்டுப் பெட்டியை மூடி மடியில் வைத்தார். பிறகு, டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லை புஸ்பம் என்றார். அதுக்கு முதலே ஆறு வருசம் றெஸ்ரோறன்ற் குசினியிலை டொய்ச்காரரோடை நிண்டனான், உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, கதையைக் குறை எண்டு ஒரு நாளைக்குப் பத்துத் தரம் பேச்சு வாங்கினவனுக்குக் குறை எண்டால் என்ன எண்டு விளங்காதோ, டொக்டர் குடியைக் குறையுங்கோ, மூண்டு மாசத்தாலை வந்து திரும்ப ரத்தம் சோதியுங்கோ எண்டுதான் சொன்னவர், பிள்ளைதான் மாத்திச் சொன்னவள் என்றார். எனக்கு ஏறியிருந்த வைன் வெறியெல்லாம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. தெரிந்துகொண்டா இவ்வளவு காலமும் இருந்தீர்கள், அப்படியென்றால் ஏன் முழுக்க விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் பொக்கற்றில் இருந்து அந்தக் கல்லை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டு சொன்னார். அவள் என்ரை முகத்தைப் பாக்கேல்லை, சுவரிலை இருந்த படத்தைப் பாத்துக்கொண்டு சொன்னவள், கையிலை என்ரை தொப்பியை வைச்சுப் பிழிஞ்சுகொண்டிருந்தவள். பொய் சொல்லிப் பழகாத பிள்ளை. அவளை அதுக்குக் கொண்டுவந்து விட்டவன் நான். டொக்டர் குறைக்கச் சொன்னவர், பிள்ளை விடச் சொன்னவள். நான் பிள்ளை சொன்னதைக் கேட்டனான் என்றார். இன்றைக்கு மணந்து பார்த்தது, பதினாறு வருடத்துக்குப் பிறகும் அதில் தனக்கு ஆசை இருக்கிறதோ என்று அறியத்தானாம். இருக்குது, ஆனால் குடிக்க மாட்டன் என்றார்.

இப்போது விளங்குகிறது, நீ ஏன் இந்தப் பயணத்துக்குப் பயப்படாமல் ஓம் என்றாய் என்று. ஒரு சொட்டில் ஒன்றும் ஆகாது என்று உனக்குத் தெரியும், செத்துப்போவார் என்ற கதையைக் கட்டினவளே நீதானே. எனக்கு மட்டுமாவது ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? நான் மணந்த கேக்கெல்லாம் வீண். இன்னும் கோபம் போகவில்லை, ஆனால் அது உன்னில்தானா என்று எனக்கே தெரியவில்லை. பதின்மூன்று வயதில் கணக்குச் சோதனையையும் விட்டுவிட்டு வந்து, அவ்வளவு பெரிய பொய்யை ஒருவரிடமும் சொல்லாமல் நீ தனியச் சுமந்திருக்கிறாய், பக்கத்தில் நின்ற தாய்க்கு அது தெரியவில்லை. அதை நினைத்தால் என்னால் தாங்க முடியவில்லை பிள்ளை.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், மருமகனைக் காருக்குப் பனிக்கால ரயர் மாற்றச் சொல், இரவு வேலை என்றால் சாப்பிடாமல் போகாதே. தம்பிக்கு அடுத்த முறை யோசனை சொல்வதானால் எனக்கு ஒரு நல்ல புட்டுப்பானை போதும் என்று சொல். அம்பாள் உங்கள் இருவரையும் காப்பாற்ற வேண்டும், நினைத்த காரியமெல்லாம் நல்லபடி நடக்க வேண்டும். பிள்ளைக்குத் தெரிஞ்சால் வெக்கப்படுவாள், சொல்லாதையும் என்று அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டவர், நானும் ஓம் என்று தலையாட்டினேன். கேட்டதைக் கேட்டபடி சொல்கிற பழக்கமும் சொன்னபடி நடக்கிற பழக்கமும் இந்த வீட்டில் ஒருவருக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுக்கும்போது நான் குசினிக்குள் வேலையாக இருப்பேன், அவர்தான் எடுப்பார். இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே. வழமையைவிடக் கொஞ்ச நேரம் கூடக் கதை, அது போதும்.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் வேண்டும் அம்மா
வி. புஸ்பவதி