அழுக்கில்லை, அது என் நிறம்

ரசத்துக்குப் புளி கரைத்தால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. சிரிக்காதே. நீ இருந்திருந்தால் என்னைவிட அதிகமாகக் கத்தியிருப்பாய்.

கச்சிபௌலி பூங்காவில் இருக்கும் நீ செய்த வெண்கலப் பெண் சிலையை தசராவுக்காகப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்கள், வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்ப்பதைப் போல. முகமும் கையும் மஞ்சளாகப் பளபளத்தன. பூங்காக் குழுச் செயலாளர், கோயம்புத்தூரிலிருந்து வந்து ஐ.டி.யில் வேலை பார்ப்பவர், பெருமையாகச் சொன்னார்: "அழுக்கேறிக் கெடந்துச்சுங்க. இப்ப எப்படிப் பளிச்சுனு இருக்குது பாருங்க!" இனி வருடாவருடம் தேய்க்கப் போகிறார்களாம்.

ஏ.எஸ்.ராவ் நகரில் எங்களுக்கு மேல்வீட்டில் நீ குடியிருந்தாய். காலையில் தொழிற்சாலை பஸ்ஸுக்காகத் தெருமுனையில் நிற்பேன், இடுப்பில் சாப்பாட்டுப் பையோடு, பஸ் வரும் திசையை முறைத்தபடி. பால்கனியிலிருந்து நீ அதை வரைந்தது எனக்குத் தெரியாது. பூங்காவின் சிற்பத் தொகுப்புக்கு உன்னிடம் சிலை கேட்டவர்கள், கையில் கம்ப்யூட்டரும் முதுகில் சிறகுமாக ஒரு பெண்ணை எதிர்பார்த்திருந்தார்கள். நீ என்னைச் செய்து கொடுத்தாய்.

"லட்சணமா யாராவது சினிமாக்காரியைப் பார்த்துச் செஞ்சிருக்கலாம்ல?" என்றேன்.

"நக்கோ, வேணாம். அவ எப்ப பஸ்ஸுக்கு நின்னா?" என்றாய். செகந்திராபாத்தில் வளர்ந்தவள், வேறெப்படிப் பேசுவாய்.

நிறம் ஏற்றிய அன்று உன் பட்டறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். வெண்கலத்தை கேஸ் டார்ச்சால் சூடாக்கி, மருந்தைத் தூரிகையில் தொட்டுத் தொட்டு வைத்தாய். முதலில் பழுப்பாகி, பிறகு கறுக்கத் தொடங்கியது. "போதும்டி, கொஞ்சம் வெளுப்பாவே இருக்கட்டும்" என்றேன். பெண் பார்க்க வந்தவர்கள் தொடங்கி கல்யாண ஃபோட்டோக்காரர் வரை என்னைப் பற்றிச் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்தாய், சிலையைப் பார்த்தாய். "இன்னும் வரல" என்று மறுபடி டார்ச்சைக் கொளுத்தினாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

அந்த நிறத்தைத்தான் சுரண்டி எடுத்திருந்தார்கள். விடுவேனா? குழுவின் கூட்டத்துக்குக் கூட்டம் போய் உட்கார்ந்தேன். சிற்பியின் விருப்பம் என்றேன், புளி வெண்கலத்தை அரிக்கும் என்றேன். அந்தப் பெண் யார் என்று மட்டும் சொல்லவில்லை. அது வாயில் வரவில்லை. கடைசியில் என் தொல்லை தாங்காமல்தான் சம்மதித்தார்கள்.

இன்று உன் பட்டறைக் கூட்டாளி சலீம் பாய் டார்ச்சும் மருந்துமாக வந்தார். பழுப்பு ஏறியதுமே செயலாளர் குறுக்கே வந்தார்.

"இது போதுங்க மேடம். இதுக்கு மேல போனா ரொம்பக் கறுத்துரும். பாக்கறவங்களுக்கு நல்லா இருக்கோணுமில்லைங்க?"

பாய் டார்ச்சைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். நீ இருந்தால் ஒரே அதட்டலில் முடித்திருப்பாய். நீ இல்லை, நான்தான் இருக்கிறேன்.

"அது நான்தாங்க" என்றேன். "ஏ.எஸ்.ராவ் நகர்ல பஸ்ஸுக்கு நின்ன என்னைப் பார்த்துச் செஞ்சது. என் நிறம் வர்ற வரைக்கும் ஏத்துங்க பாய்."

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போல. நடைப்பயிற்சிக்கு வந்த நாலைந்து பேர் நின்று, சிலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாராவது ஃபோட்டோ எடுத்தாலே பின்வரிசைக்கு நகர்ந்துவிடுகிறவள் நான், உனக்குத் தெரியும். பார்க்கட்டும் என்று நின்றேன்.